நம்ம கொடி

கொடியை வாங்கிவந்தது அம்மாதான். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை முடிந்து திரும்பும் வழியில், பிறந்தநாள் பலூன்களும் பரிசு சுற்றும் தாள்களும் விற்கிற கடை ஒன்று உண்டு. வாசலிலேயே ஒரு வாளியில் கொடிகளைச் செருகி வைத்திருந்தார்கள். நாளெல்லாம் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிற கை அவளுடையது. துணியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். இரண்டு சலவை தாங்காது என்று தெரிந்தது. ஆனால் நிறம் பளிச்சென்று இருந்தது. கடைக்காரர் பையில் போடப் போனபோது வேண்டாம் என்று சொல்லி, கையிலேயே பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தாள். எதிரில் வந்த ஒரு முதியவர் அவளையும் கொடியையும் பார்த்துப் புன்னகைத்தார். முன்பின் தெரியாத ஒருவர் அந்தத் தெருவில் அவளைப் பார்த்துச் சிரித்தது இதற்குமுன் எப்போது என்று அவளுக்கு நினைவில்லை.

மகளும் மகனும் படிக்கிற கல்லூரியில் மாணவர்கள் ஏற்கெனவே ஒருமுறை ஊர்வலம் போயிருந்தார்கள். குழந்தைகளாகப் பெற்றோரோடு வந்து இங்கேயே வளர்ந்தவர்கள் படிப்பு முடிந்தபிறகும் தங்குவதற்கு இதுவரை அனுமதி கிடைத்துவந்தது. புதிய அரசு அதை நிறுத்திவிட்டது. இனி ஒவ்வொருவரும் ஒரு குழுவின் முன்னால் போய் நின்று, இந்த நாட்டின்மேல் தனக்குப் பற்று இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். முடியாதவர்கள் பிறந்த நாட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இதை எதிர்த்துத்தான் ஊர்வலம். சிலர் அதில் தங்கள் பெற்றோரின் நாட்டுக் கொடிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று மாலைச் செய்தியில் மாணவர்கள் என்ன கேட்டார்கள் என்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொடிகள் மட்டும் வந்தன. “நம் தெருக்களில் யார் யாருடைய கொடியோ பறக்கிறது” என்று ஓர் அமைச்சர் வருத்தப்பட்டார். மாணவர் சங்கம் கூடிப் பேசி, அடுத்த ஊர்வலத்தில் இந்த நாட்டுக் கொடி மட்டும்தான் என்று முடிவு செய்தது.

“அப்பாடா, இப்பவாவது புத்தி வந்துச்சே” என்றாள் அம்மா. மறுநாளே போய் வாங்கிவிட்டாள்.

சாப்பாட்டு மேசைமேல் அதைப் பார்த்ததும் மகன் சிரித்தான். “அக்கா, இங்க பாரு. அம்மாவே வாங்கிட்டு வந்துட்டாங்க. நாளைக்கு அமைச்சர் நேரா வந்து அம்மாவுக்குச் சால்வை போடப் போறாரு.”

“உனக்கு எல்லாம் விளையாட்டுத்தான்டா துரை” என்றாள் அம்மா. “அவ நிலைமையில நீ இருந்தா தெரியும்.”

துரை என்பது வீட்டில் அவனுக்கு வைத்த பட்டப்பெயர். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அவள் பேச ஆரம்பிக்கும் முன்பே இங்கே வந்து இறங்கியவர்கள் அவர்கள். மகன் இங்கேயே பிறந்தான். அதனால் அவன் குடிமகன். மற்ற மூவரும் அனுமதியில் இருப்பவர்கள். பக்கத்து நாட்டுக்கு ஒருமுறை சுற்றுலா போய்த் திரும்பியபோது விமான நிலையத்தில் குடிமக்களுக்குத் தனி வரிசை இருந்தது. “துரை முன்னால போங்க, அடிமைங்க நாங்க மெதுவா பின்னால வர்றோம்” என்று அப்பா குனிந்து வழிவிட்டார். அவன் ஒரு நிமிடத்தில் வெளியே போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு மற்றவர்களுக்காகக் காத்திருந்தான். எல்லோரும் சிரித்தார்கள். அப்போது மகளும்தான் சிரித்தாள்.

இரண்டாவது ஊர்வலத்தில் நடந்தது இதுதான். கடைத்தெரு முனையில் நடைபாதை ஓரமாக எதிர்த்தரப்பு ஆட்கள் நின்றிருந்தார்கள். மாணவர்கள் கையில் தங்கள் நாட்டுக் கொடியைப் பார்த்ததும் அவர்களுக்குக் கோபம் குறையவில்லை, கூடியது. “அது உங்க கொடி இல்ல, கீழ வைங்க! தொடாதீங்க!” என்று கத்தினார்கள். ஒருவன் மகளின் முகத்துக்கு நேராக வந்து அதையே சொன்னான். மகனால் பொறுக்க முடியவில்லை. கொடி அவன் கையில் இருந்தது. “அப்ப நீங்களே வச்சுக்குங்கடா!” என்று குச்சியிலிருந்து துணியைப் பிய்த்துக் கிழிக்கப் போனான். மகள் பாய்ந்து மறுமுனையைப் பிடித்தாள்.

“விடுடா! நம்ம கொடிடா அது!”

துணி மெல்லியது. இரண்டு பேர் இழுத்ததில் குறுக்காகக் கிழிந்தது. பெரிய துண்டு அவள் கையில் வந்தது.

தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ போனில் வீடியோப் படம் எடுத்திருந்தார்கள். அவள் இழுப்பதிலிருந்துதான் படம் ஆரம்பித்தது. மகன் முதுகு மட்டும் தெரிந்தது. அவள் முகம், திறந்த வாய், கிழிகிற கொடி, புரியாத மொழியில் ஒரு கூச்சல். இவ்வளவுதான். மறுநாள் காலை அது எல்லோர் கையிலும் இருந்தது.

அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். தலைக்கு மேலே உள்ள கண்ணாடியில் பயணிகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது அவர் பழக்கம். அன்று முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த இரண்டு உள்ளூர்ப் பெண்கள் ஒரே போனில் குனிந்திருந்தார்கள். “விடுடா” என்று தன் மகளின் குரல் தன் பேருந்துக்குள்ளேயே கேட்டது. ஒருமுறை முடிந்து மறுபடி ஆரம்பித்தது. “எப்படிக் கிழிக்கறா பாரு, வெறி புடிச்ச மாதிரி” என்றாள் ஒருத்தி. இறங்கும்போது அதே பெண் வழக்கம்போல அவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினாள்.

“நீங்க எதுவும் சொல்லலயா?” என்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா கேட்டாள்.

“பாத்து எறங்குங்கன்னு சொன்னேன்” என்றார் அப்பா.

அடுத்த நாள் மகன் யாரிடமும் சொல்லாமல் காவல் நிலையத்துக்குப் போய்விட்டான். கிழித்தது நான்தான், அக்கா தடுத்தாள் என்று சொன்னான். அதிகாரி அவனுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். கோபத்தில் செய்துவிட்டாய், இந்த வயதில் எல்லோரும் செய்வதுதான், நம் கொடியை நாமே அவமதிக்கக் கூடாது தம்பி என்று புத்தி சொல்லி அனுப்பிவிட்டார்.

“நம் கொடின்னு சொன்னாருக்கா” என்றான் வீட்டுக்கு வந்து. அவன் உதடு துடித்தது. “கிழிச்சவன் என்கிட்ட, நம் கொடின்னு தோள்ல தட்டிச் சொல்றாரு. தடுத்தவள விசாரிக்கப் போறாங்க.”

“அழாதடா லூசு” என்றாள் மகள். “உன்ன உள்ள தூக்கிப் போட்டிருந்தா அம்மா என்னையும் சேத்துக் கொன்னிருப்பாங்க.”

குழுவின் முன் மகளின் விசாரணை நாள் முன்னதாகவே குறிக்கப்பட்டிருந்தது. அவள் பிசியோதெரபி கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிப் பயிற்சியில் நல்ல பெயர். படம் பரவியிருக்காவிட்டால் அரை மணி நேரத்தில் முடிந்துபோகிற விசாரணை என்று அவர்களுடைய வக்கீல் சொன்னாள். இலவச உதவி மையத்திலிருந்து வந்த இளம் பெண் அவள், அந்த நாட்டுக்காரி. எதிரில் உட்கார்ந்து படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டி, மகள் கத்தியதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். மகள் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது.

“இது போதும். யார் கிழித்தார்கள் என்பது குழுவுக்கு முக்கியமில்லை. இந்த நாட்டை நீ உன்னுடையதாக நினைக்கிறாயா என்பதுதான் கேள்வி. யாரும் சொல்லிக்கொடுக்காமல், அந்த நெருக்கடியில், உன் தாய்மொழியில் ‘நம்ம கொடி’ என்று கத்தியிருக்கிறாய். இதைவிடச் சாட்சி வேண்டுமா?”

மகள் மொழிபெயர்த்துச் சொன்னாள். அம்மாவுக்கு அன்றுதான் உடம்பில் உயிர் வந்தது. தான் ஊட்டி வளர்த்த மொழியில் ஒரு சின்ன வார்த்தை, பிள்ளையைக் காப்பாற்றப் போகிறது.

அம்மாவையும் கூப்பிடலாம் என்று வக்கீல் எச்சரித்திருந்தாள். வீட்டில் எப்படிப் பேசிக்கொள்வீர்கள் என்று கேட்பார்கள். தயங்காமல் சொல்ல வேண்டும். அம்மா மடிப்பு மேசையில் நின்றுகொண்டு, விரிப்பின் நான்கு முனைகளையும் சேர்க்கும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். நம்ம நாடு. நம்ம கொடி. நம்ம நாடு. எதிரில் மறுமுனையைப் பிடித்திருந்த கூட்டாளி, “என்ன, பிரார்த்தனையா?” என்று கேட்டாள். அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள்.

விசாரணை அறை அவள் பயந்த மாதிரி இல்லை. மெத்தென்ற தரைவிரிப்பு, தண்ணீர்க் குவளைகள், மூலையில் பித்தளைப் பீடத்தில் ஊன்றிய பெரிய கொடி. அது கனமான துணி. கரையை இரட்டைத் தையல் போட்டு மடித்திருந்தார்கள். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் வயதான அம்மாள், ஓய்வுபெற்ற நீதிபதி. இடப்பக்கம் ஓர் இளைஞர், வலப்பக்கம் யாரையும் நிமிர்ந்து பார்க்காத ஒருவர். மேசையின் பக்கவாட்டில் மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருந்தார். டையும் நரைக்கத் தொடங்கிய மீசையுமாக இருந்த தமிழர் அவர். பார்த்ததும் அம்மாவுக்குத் தெம்பு வந்தது. “வணக்கம் தம்பி, நல்லா இருக்கீங்களா?” என்றாள். அவர் தலையை மட்டும் அசைத்தார். அப்பாவும் மகனும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

மகளுக்கு அந்த நாட்டு மொழி தண்ணீர் பட்ட பாடு. ஆனால் தன் வார்த்தையைத் தானே மொழிபெயர்க்கக் கூடாது என்பது விதி. மொழிபெயர்ப்பாளர் படத்தில் உள்ள குரலைக் கேட்டுவிட்டு விளக்கினார். உங்கள் மொழியில் ஒரே சொல்லாக இருப்பதற்கு இந்த மொழியில் ‘நாங்கள்’, ‘நாம்’ என்று இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரை வெளியே நிறுத்துவது ஒன்று, உள்ளே சேர்த்துக்கொள்வது ஒன்று. ‘எங்க கொடி’ என்றால் எங்களுடையது, உன்னுடையது அல்ல. ‘நம்ம கொடி’ என்றால் என்னுடையதும் உன்னுடையதும். இந்தப் பெண் சொல்லியிருப்பது இரண்டாவது.

நீதிபதி அம்மாள் ஆர்வமாகக் கேட்டார். “அழகான ஏற்பாடு. நம் மொழியில் இது இல்லை. சரி, கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது. அப்போது கேட்டுக்கொண்டிருந்தவர் யார்?”

“என் தம்பி” என்றாள் மகள்.

“உன் தம்பி குடிமகன். நீ இல்லை. அப்படியானால் உங்கள் இருவருக்கும் பொதுவான கொடி எது?”

“அவன் கையில இருந்த கொடிதான்.”

“அது அவனுடையது. உனக்கு?”

“எனக்கும்.”

“சட்டப்படி இல்லையே, பெண்ணே.” குரலில் கடுமை இல்லை. பாடம் விளங்காத பிள்ளையிடம் பேசுகிற பொறுமை இருந்தது.

“சட்டப்படின்னு நான் யார்கிட்டயும் சொல்லல. என் தம்பிகிட்ட சொன்னேன்.”

இளைஞர் குறுக்கிட்டார். அக்காவுக்கும் தம்பிக்கும் பொதுவாக இருப்பது குடும்பம். குடும்பத்தின் கொடி என்றால் பெற்றோரின் நாட்டுக் கொடியாகவும் இருக்கலாம் அல்லவா? இதைக் கீழே போடு, நம்முடைய கொடி வேறு என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? அந்த ஊர்வலத்தில் வேறு கொடியே இல்லை என்றாள் வக்கீல். முதல் ஊர்வலத்தில் இருந்தது என்றார் அவர். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார்கள். யாரையெல்லாம் சேர்க்கிறது என்பதை அந்தச் சொல் தானாகச் சொல்லாது, பேசுகிறவர் மனதில் இருப்பதைப் பொறுத்தது என்றார் அவர். அது உண்மைதான்.

“அப்படியானால் வீட்டில் அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று தாயைக் கேட்போம்” என்றார் நீதிபதி.

அம்மா எழுந்து போய்ச் சாட்சி இருக்கையின் நுனியில் உட்கார்ந்தாள். நீதிபதி அம்மாள் தானே ஒரு குவளையில் தண்ணீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அம்மா திட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தாள். அதட்டுவார்கள், அப்போது ஒப்பித்துவிடலாம் என்று வார்த்தைகளை வாய்க்குள் தயாராக வைத்திருந்தாள். தன் அம்மா வயதுள்ள, இவ்வளவு பெரிய பதவியில் இருக்கிற ஒருத்தி கையால் தண்ணீர் கொடுப்பாள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

“உங்கள் வீட்டில் இந்த நாட்டைப் பற்றியும் இந்தக் கொடியைப் பற்றியும் எப்படிப் பேசுவீர்கள்? உங்கள் வார்த்தைகளிலேயே சொல்லுங்கள்” என்று மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

அம்மா கையைக் கூப்பினாள். “என்னங்கம்மா இப்படிக் கேட்டுட்டீங்க. உங்க நாட்டு உப்பத் தின்னுட்டு வாழறோம். உங்க கொடிக்கு எங்க வீட்டுல யாரும் ஒரு நாளும் மரியாதை குறைச்சதில்ல. அந்தக் கொடியக் கடையில வாங்கினதே நான்தாங்க.”

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மொழிபெயர்ப்பாளர் அம்மாவைப் பார்த்தார். மாற்றிச் சொல்லிவிடமாட்டாளா என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அம்மா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஒருமுறை கும்பிட்டாள். அவர் குனிந்து, மேசையைப் பார்த்தபடியே மொழிபெயர்த்தார். உங்கள் நாடு. உங்கள் கொடி. எங்கள் வீடு. யாரையும் நிமிர்ந்து பார்க்காத மூன்றாம் ஆள் அப்போதுதான் தலையைத் தூக்கினார்.

“உங்கள் கொடி என்றா சொன்னார்கள்?”

“ஆமாம்.”

“கேட்பவரை உள்ளே சேர்க்கிற சொல் இல்லை?”

“இல்லை. ஆனால் அது மரியாதைக்காக—”

“விளக்கம் வேண்டாம். சொன்னதை மட்டும் மொழிபெயர்த்தால் போதும்.”

வக்கீல் எழுந்து வாதாடினாள். தாயை வைத்து மகளை அளக்கக் கூடாது என்றாள். இளைஞர், வீட்டு வழக்கத்தை விளக்கத்தான் தாயை அழைத்தோம், விளக்கிவிட்டார் என்றார். எல்லோரையும் வெளியே உட்காரச் சொன்னார்கள். நடைக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் மகன் அம்மாவிடம் சொன்னான்.

“உங்க கொடின்னு சொல்லிட்டீங்களேம்மா.”

“வேற எப்படிச் சொல்றது?”

“நம்ம கொடி. அவ்வளவுதாம்மா. இத்தன நாளா சொல்லிச் சொல்லிப் பாத்தீங்களே.”

அம்மாவுக்கு அப்போது விளங்கியது. “அவங்க முன்னாடி எப்படிடா சொல்றது?” என்றாள். “அவங்க நாற்காலியில உக்காந்துக்கிட்டு, அவங்க குடுத்த தண்ணியக் கையில வச்சுக்கிட்டு, நம்மதுன்னு எப்படி வாய் வரும்? உரிமை கொண்டாடற மாதிரி இருக்காதா? எனக்குக் கூச்சமா இருந்துச்சுடா.”

மகன் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். மொழிபெயர்ப்பாளர் அவர்களைக் கடந்து கழிவறைப் பக்கம் போனார். அம்மா ஓடிப்போய் அவரை மறித்தாள்.

“தம்பி, நான் மரியாதைக்குச் சொன்னது உங்களுக்குத் தெரியுந்தானே? நம்ம ஆளு நீங்க. மாத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?”

“தெரியும்மா” என்றார் அவர். “எங்கம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க. நான் சத்தியம் பண்ணிட்டு உக்காந்திருக்கேன். ஒரு வார்த்தை மாத்தினது தெரிஞ்சா, நாளைக்கு வர்ற பிள்ளைங்களுக்கு நான்கூட இருக்க மாட்டேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே கூப்பிட்டுச் சொன்னது சில வாக்கியங்கள்தான். மகளின் படிப்பையும் ஒழுக்கத்தையும் குழு பாராட்டுகிறது. இந்த நாட்டைத் தன்னுடையதாகக் கருதும் சூழலில் அவள் வளர்ந்தாள் என்பது நிறுவப்படவில்லை. அனுமதி நீட்டிக்கப்படாது. மேல்முறையீடு செய்யலாம், ஆனால் வெளியேறிய பிறகு, பிறந்த நாட்டிலிருந்துதான் செய்ய முடியும். நீதிபதி அம்மாள் மகளுக்கு நல்ல எதிர்காலம் அமைய வாழ்த்தினார். மனதார வாழ்த்தினார் என்றே தோன்றியது. வக்கீல் தன் பையை மூடவே மறந்து நின்றிருந்தாள். அம்மா மறுபடி சாட்சி இருக்கை அருகே போய், “நம்ம கொடி, நம்ம கொடிங்கம்மா” என்று உரக்கச் சொன்னாள். அதை மொழிபெயர்க்கும்படி யாரும் கேட்கவில்லை.

பேருந்தில் வீடு திரும்பினார்கள். அப்பாவுக்குப் பயணியாக உட்காரத் தெரியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் கால் தரையை அழுத்தியது.

“நான் வேணா அவகூடப் போறேன்” என்றான் மகன்.

“நீ அங்க வரணும்னா விசா வாங்கணும் துரை” என்றாள் மகள். “சுற்றுலா விசா.”

“அப்ப நான் போறேன்” என்றாள் அம்மா.

“நீங்க போனா திரும்ப விட மாட்டாங்கம்மா. அப்பா மட்டும் இங்க என்ன பண்ணுவாரு? இவன் படிப்பு?”

அங்கே யார் இருக்கிறார்கள் என்று அம்மா மனதுக்குள் தேடிப் பார்த்தாள். அண்ணன் செத்துப்போனார். அண்ணி தன் மகளோடு வேறு எங்கோ போய்விட்டாள். வீட்டை விற்று, இடித்து, மேலே மாடி எழுப்பியிருக்கிறார்கள் என்று எவரோ சொன்னார்கள். பெயர் சொல்லி, இவரைப் போய்ப் பார் என்று அனுப்ப ஓர் ஆள் இல்லை.

“அம்மா” என்றாள் மகள். “எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பஸ்ல எழுதியிருக்கறத எப்படித் தெரிஞ்சுக்கறது?”

“யாரையாவது கேட்டா சொல்லுவாங்க.”

“எப்படிக் கூப்பிடணும்? சார்னா?”

“பெரியவங்களா இருந்தா ஐயா. உன்னவிடக் கொஞ்சம் மூத்தவங்கன்னா அண்ணா. பொம்பளைங்கன்னா அக்கா.”

“யாருன்னே தெரியாதவங்களையா?”

“ஆமா.”

“அவங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்களா?”

“மாட்டாங்க” என்றாள் அம்மா.

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தாள். அண்ணா, இந்த பஸ் எங்க போகுது? அண்ணா, கோவிச்சுக்காதீங்க, எனக்குப் படிக்கத் தெரியாது. வீட்டில் பேசும்போது அவ்வளவாகத் தெரியாதது இப்போது தனியாகக் கேட்டது. ‘ண்ணா’ நாக்கு மடங்காமல் ‘ன்னா’ என்று வந்தது. வாக்கியம் முடிகிற இடத்தில் குரல் இந்த ஊர்க்காரர்களைப் போல ஏறி நின்றது. முதல் வார்த்தையிலேயே எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அம்மாவுக்குத் தெரிந்தது.

“சரியாச் சொல்றேனாம்மா?”

“சரியாத்தான் சொல்றே” என்றாள் அம்மா.